காலையில மேற்கே, சாயங்காலம் கிழக்கே

ஸ்பெயின்ல கோதுமைக் காட்டு நடுவுல நாலு பொண்ணுங்க சைக்கிள்ல போற வீடியோவை அனுப்பி, "அக்கா, நாங்களும் இப்படிப் போகணும், எங்க போறது?"ன்னு கேட்டிருக்க. நம்ம ஜலகண்டாபுரம் பஸ் ஸ்டாண்டுல இருந்தே கிளம்பலாம் கண்ணு. தாரமங்கலம், கொங்கணாபுரம், எடப்பாடி, பூலாம்பட்டி, மேட்டூர், மேச்சேரி, நங்கவள்ளி, திரும்ப நம்ம ஊரு. சுத்தி வந்தா ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வழியெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு, பருத்தி, மஞ்சள், தறிப்பட்டறை, நடுவுல நானூறு வருஷத்துக் கல் கோயில், காவேரி, ஒரு பெரிய அணை. நீயும் உன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் போறதுன்னா, எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லிடறேன்.

அந்த வீடியோவுல அவங்க போறது காஸ்டில் கால்வாய்க் கரை. 1753-ல வெட்ட ஆரம்பிச்சு 1849-ல முடிச்ச கால்வாய், 207 கிலோமீட்டர். அந்தக் காலத்துல கோதுமை ஏத்துன படகுகளைக் கோவேறு கழுதைங்க கரையில நடந்து இழுத்துட்டுப் போகும். கழுதை நடந்த அதே கரையிலதான் இப்ப சைக்கிள் போகுது. ரயில் ஓடாம விட்ட பழைய பாதைகளையும் 1993-ல இருந்து சைக்கிளுக்கும் நடைக்கும்னு மாத்திட்டு வராங்க. நமக்கு அப்படித் தனித் தடம் கிடையாது. ஆனா அங்க சில இடத்துல ஒரு ஊர் தாண்டினா அடுத்த ஊருக்கு ரொம்ப தூரம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையைச் சாத்தினா அஞ்சு வரைக்கும் திறக்க மாட்டாங்க. இங்க எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டவுன், நடுவுல ஒவ்வொரு பிரிவுலயும் டீக்கடை. அதனால ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்னு கணக்குப் போடாதே. ஊருக்கு ஊர் பிரிச்சுக்கோ. ஒரு ஊர் ஓட்டு, இறங்கு, தண்ணி குடி, பாரு, அடுத்த ஊர்.

இந்தச் சுத்துக்கு ஒரே ஒரு விதிதான் இருக்கு. காலையில மேற்கே ஓட்டு, சாயங்காலம் கிழக்கே ஓட்டு. அப்படிப் போனா ரெண்டு வேளையும் வெயில் முதுகுல இருக்கும், கண்ணுல குத்தாது. உன் பின்னால வர லாரிக்காரருக்கும் வெயில் முதுகுப் பக்கம்தான், உன்னைத் தெளிவா பார்ப்பாரு. எதிர்ல வரவருக்குத்தான் கண் கூசும். அதனால எதிர்ல ஒரு வண்டி இன்னொண்ணை முந்திட்டு வந்தா யோசிக்காம மண்ணுல இறங்கிடு. காத்துக்கும் இதே விதி சரியா வரும். ஆனி, ஆடியில நம்ம பக்கம் மேக்கால இருந்து வீசற காத்து பொழுது ஏற ஏற வலுக்கும். காலையில அது எழும்பறதுக்கு முன்னாடி மேற்கே போயிட்டா, சாயங்காலம் திரும்பி வரப்ப அதே காத்து தள்ளிவிடும். மாத்திப் போட்டா சமவெளியிலயே மலை ஏறின மாதிரி மூச்சு வாங்கும்.

எந்த மாசம்னா, பொங்கல் முடிஞ்சதும் தை, மாசி. பனி இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, காட்டுல வேலை நடக்கும். மஞ்சள் வெட்டுவாங்க, குச்சிக்கிழங்கு பிடுங்குவாங்க, சோளத்தட்டு கட்டுக் கட்டா நிக்கும். கால்வாய்ல தண்ணி ஓடறதைப் பார்க்கணும்னா ஐப்பசி முடிஞ்சு மழை விடற நேரம் பார்த்துப் போ. அணையில தண்ணி இருக்கிற வருஷம் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்களுக்கு ஆகஸ்ட் 1-ல இருந்து டிசம்பர் 15 வரைக்கும் திறந்துவிடறது வழக்கம். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டத்துல 45,000 ஏக்கர் அதை நம்பியிருக்கு. பங்குனி, சித்திரை வேண்டவே வேண்டாம். ஆடி 18 அன்னிக்கு மேட்டூர், பூலாம்பட்டி ரெண்டு பக்கமும் சைக்கிள் எடுத்துட்டுப் போகாதே, ரோட்டுல நிக்கவே இடம் இருக்காது.

சைக்கிள்

கியர் சைக்கிள் வாங்கணும்னு அப்பாகிட்ட நிக்காதே. பதினொண்ணாவதுல ஸ்கூல்ல கொடுத்த சைக்கிள் வீட்டுல நிக்குதே, அதுவே போதும். 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005-06-ல எல்லாருக்கும்னு விரிஞ்ச திட்டம் அது. அதுக்கும் முன்னாடி, 1990-கள் தொடக்கத்துல, புதுக்கோட்டையில ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சேர்த்துப் பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. குவாரியில கல் உடைச்சவங்க, பூக்காரம்மா, அங்கன்வாடி டீச்சர்னு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டினாங்க. இன்னிக்கு ஒரு பொண்ணு சைக்கிள்ல போனா நம்ம ஊர்ல யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. அது தானா வந்ததில்ல கண்ணு. அந்த சைக்கிளைத் துருப்பிடிக்க விடாதே.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓவராயிலுக்கு விடு. முதல் நாள் விட்டா, பிரச்சனை எதுன்னு ரோட்டுலதான் தெரியும். பிரேக் கட்டை நாலும் புதுசா மாத்தச் சொல்லு. சீட்டை உன் உயரத்துக்கு ஏத்து. நம்ம பொண்ணுங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் சீட்டைக் கீழேயே வச்சு முட்டி வலின்னு சொல்றாங்க. குதிகாலைப் பெடல் மேல வச்சு, பெடல் கீழே இருக்கறப்ப, கால் கிட்டத்தட்ட நேரா நீளணும். ஓட்டறப்ப குதிகால் இல்ல, முன்பாதம் பெடல்ல இருக்கணும். அது சரியா இருந்தாலே பாதி வலி வராது.

பஞ்சர் நிச்சயம் ஆகும்னு வச்சுக்கோ. வேலியோரம் கிளுவை முள், கரையோரம் சீமைக்கருவேல முள், தரிசுல நெருஞ்சி. கைப்பம்ப் ஒண்ணு, டயர் லீவர் ரெண்டு, சொல்யூஷன், பேட்ச், துண்டு உப்புத்தாள், வால்டியூப் நாலஞ்சு. இந்த வால்டியூப்தான் பல பேர் மறக்கிறது. அஞ்சாறு ரூபாய் சமாச்சாரம், அது பிஞ்சா டயரே நல்லா இருந்தாலும் காத்து நிக்காது. பெட்ரோல் பங்க்ல காத்து அடிச்சுக்கலாம்னு நினைக்காதே, அந்த முனை வண்டி, கார் வால்வுக்குத்தான் பொருந்தும், நம்ம சைக்கிள் வால்வுக்குச் சேராது. வீலைக் கழட்டாம டியூபை மட்டும் ஒரு பக்கம் உருவி ஒட்டறதை உங்க தெரு பஞ்சர் கடையில ஒரு சாயங்காலம் நின்னு கத்துக்கோ. உன் கையால ஒரு தடவை ஒட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும், இதுல நான் கண்டிப்பு.

அதுக்கும் மீறி உடைஞ்சா, பக்கத்து டவுன்ல குட்டியானை வாடகைக்குக் கிடைக்கும். மூணு சைக்கிளும் மூணு பேரும் வீடு வந்துடலாம். டவுன் பஸ்ஸை நம்பாதே.

உடுப்பும் பையும்

துப்பட்டாவை வீட்டுலயே வச்சுட்டுப் போ. வேணும்னா இறுக்கிக் கட்டு. செயின்லயோ பின் வீல்லயோ மாட்டுச்சுன்னா கழுத்து இழுபடும். பேன்ட் கால் அகலமா இருந்தா ரப்பர் பேண்ட் போடு. உள்ளாடை பருத்தி, தையல் தடிப்பா இல்லாதது. ராத்திரி துவைச்சுக் காயப்போட இன்னொண்ணு. தொடை உரசற இடத்துல கிளம்பறப்பவே தேங்காய் எண்ணெய். நாப்கின் தேதியைப் பார்க்காம ரெண்டு நாளைக்கு எடுத்துக்கோ, சைக்கிள் ஓட்டறப்ப முன்னப் பின்ன ஆகும். பையை முதுகுல மாட்டாதே, கேரியர்ல கயிறு போட்டுக் கட்டு. முதுகு வேர்வை அடங்கினாலே பாதிக் களைப்பு போயிடும்.

டாய்லெட்டுக்குப் பெட்ரோல் பங்க் நல்லது. பஸ் ஸ்டாண்ட் ரெண்டாவது. அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்காதே. நிறைய பேர் அப்படித்தான் மயங்கி விழறாங்க. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலந்த ஒரு பாட்டில் எப்பவும் இருக்கட்டும். வழியில கம்பங்கூழும் மோர் மிளகாயும் கிடைச்சா வேற எதுவும் தேடாதே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பு

கொங்கணாபுரம் சந்தை சனிக்கிழமை. அதுக்காகத்தான் வெள்ளி கிளம்பச் சொல்றேன். மூணு மணிக்கு ஜலகண்டாபுரத்துல புறப்பட்டு கிழக்கே தாரமங்கலம், வெயில் முதுகுல. பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாரு, நிதானமா ஓட்டினாலே ஒரு மணி நேரம் சொச்சம். கைலாசநாதர் கோயில் மத்தியானம் நடை சாத்திட்டு சாயங்காலம் திறப்பாங்க, அந்த நேரத்துக்குப் போயிடுவ. கோயில் மேற்கே பார்த்தது. அதனால அந்த வேளை வெயில் கோபுரத்து மேல நேரா விழும். கோபுர அடியில யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்காங்களே, அந்த யானையோட சுருக்கம் வரைக்கும் அப்பத்தான் தெரியும். மாசி மாசத்துல சில நாள் இந்தச் சாயங்கால வெயில் கருவறை லிங்கத்து மேலயே விழும், அன்னிக்குக் கூட்டம் நெரியும்.

கெட்டி முதலிகள் காலத்துக் கோயில் அது. பக்கத்துல இருக்கிற அமரகுந்தியில இருந்து மதுரை நாயக்கர்களுக்குக் கீழ இந்தப் பக்கத்தை 16, 17-ம் நூற்றாண்டுல ஆண்டவங்க. உள்ள அவசரப்படாதே. ராமர் தூண்கிட்ட நின்னா வாலி தெரிவான், வாலி தூண்கிட்ட போய் நின்னா ராமர் தெரிய மாட்டாரு. ஒருத்தி அங்க, ஒருத்தி இங்க நின்னு பாருங்க. கல்லால பண்ணின சிங்கத்து வாய்ல ஒரு கல் உருண்டை உருளும், வெளிய வராது. அதுல விரலை விட்டு விளையாடறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். இத்தனை தலைமுறை தாண்டி வந்தது நம்ம கையால தேயக் கூடாது. பார்த்தா போதும்.

ராத்திரி அங்கேயே சொந்தக்காரங்க, கூட்டாளி வீடு ஏதாச்சும் பாரு. இல்லேன்னா முன்கூட்டியே போன் போட்டு லாட்ஜ் பேசி, ஆதார் எடுத்துட்டுப் போ. போய் நின்னு பார்த்துக்கலாம்ங்கறது மூணு பொண்ணுங்களுக்கு ஆகாது.

சனிக்கிழமை விடிகாலையில தென்மேற்கா சின்னப்பம்பட்டி வழி. கிரிக்கெட் நடராஜன் ஊரு. அவர் அங்க கட்டின மைதானத்தை 2023-ல திறந்தாங்க, ரோட்டுல இருந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம். கொங்கணாபுரம் ஆட்டுச் சந்தை வெளிச்சம் வரதுக்குள்ளயே சூடு பிடிச்சுடும், ஏழு ஏழரைக்குப் போனாலும் நல்லாவே நடந்துட்டிருக்கும். சைக்கிளைச் சந்தைக்குள்ள தள்ளிட்டுப் போகாதே, வெளியவே ஒரு கடைக்காரர்கிட்ட சொல்லிப் பூட்டு. வியாபாரிங்க துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு விலை பேசிட்டிருந்தா கிட்டப் போய் போன்ல படம் எடுக்கிறது மரியாதை இல்ல. பருத்தி வரத்து இருக்கிற மாசமா இருந்தா, திருச்செங்கோடு கூட்டுறவுச் சங்கத்தோட ஏலமும் சனிக்கிழமைதான். மூட்டையில இருந்து ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்த்து விலை எழுதறதைக் கேட்டுட்டு, ஓரமா நின்னு பாரு. ஒரு வருஷ உழைப்பு அங்க ஒரு நிமிஷத்துல விலை ஆகுது.

வெயில் ஏறறதுக்குள்ள எடப்பாடி. மத்தியானம் பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் சைக்கிளைத் தொடாதே. சாப்பிடு, படு. தறிச் சத்தம் தூங்க விடாதுன்னு நினைப்ப, நம்ம ஊர்ப் பொண்ணுக்கு அதுதானே தாலாட்டு. ராத்திரியும் எடப்பாடியிலேயே தங்கு.

ஆறு

ஞாயிறு காலையில மேற்கே பூலாம்பட்டி. இந்தச் சுத்துலயே எனக்குப் பிடிச்ச ரோடு இது. காட்டு மேடெல்லாம் குறைஞ்சு, தென்னை, பாக்கு, வாழைன்னு பச்சை கூடிட்டே வரும், அப்புறம் திடீர்னு காவேரி. குட்டிக் கேரளான்னு சொல்றாங்க. கதவணை தேக்கி வச்சிருக்கிறதால ஆறு அகலமா, அசையாம கிடக்கும். இங்க இருந்து அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுது, சேலம் மாவட்டத்துல ஏறி ஈரோடு மாவட்டத்துல இறங்குவ. சைக்கிளையும் ஏத்திக்குவாங்க. ஆனா மேட்டூர்ல தண்ணி அதிகமா திறந்தா படகை நிறுத்திடுவாங்க, அதனால முதல் நாள் ராத்திரியே அணையில எவ்வளவு திறக்கிறாங்கன்னு செய்தியில பாரு. லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடு, வெட்கப்படாதே. படகுல சைக்கிள் மேல உட்காராதே, பிடிச்சுட்டு நில்லு. ஆத்துல எங்கயும் குளிக்க இறங்காதே. மேல அசையாம இருக்கும், அடியில இழுக்கும். உனக்கு நீச்சல் தெரியும்ங்கறது எனக்கும் தெரியும், அப்பவும் வேண்டாம்.

அக்கரையில மேட்டூர் போற ரோடு தேசிய நெடுஞ்சாலை, பவானியில இருந்து மேட்டூர், தொப்பூர் போற லாரி எல்லாம் அதுலதான். பதினஞ்சு கிலோமீட்டர் சுமாரு. காலை முதல் படகுல தாண்டினா கூட்டம் கூடறதுக்குள்ள போயிடலாம். வரிசையா ஓட்டுங்க, ஜோடி போட்டுப் பேசிட்டு ஓட்டறது கிராமத்து ரோட்டோட சரி. படகு கிடைக்கலேன்னா இக்கரையிலேயே மேட்டூருக்கு வழி கேட்டுப் போ.

வழி கேக்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. போன்ல மேப் குறுக்கு வழின்னு காட்டறது பல நேரம் இட்டேரியா இருக்கும், ரெண்டு பக்கமும் முள்வேலி, நடுவுல வண்டித்தடம். மழை பெஞ்சிருந்தா களிமண்ணு வீலை இறுக்கிடும், காஞ்சிருந்தா பஞ்சர். "ஏனுங்கண்ணா, பூலாம்பட்டிக்கு பஸ் போற ரோடு எதுங்க?"ன்னு கேளு. வெறுமனே ரோடு கேட்டா நல்ல மனசுல குறுக்கு வழி காட்டிடுவாங்க. அவங்க சொல்ற அடையாளம் கைகாட்டி, பிரிவு, தறிப்பட்டறை, தண்ணித்தொட்டி. இடது வலது சொல்ல மாட்டாங்க, கிழக்கால, மேக்கால தெரிஞ்சு வச்சுக்கோ. "எங்கம்மா போறீங்க?"ன்னு பெரியவங்க கேட்டா ஊர் பேரும், போயிட்டு வர கோயிலும் சொல்லு. "ஜலகண்டாபுரம்ங்க, தாரமங்கலம் கோயிலுக்குப் போயிட்டு வரோம்ங்க." மோர் கொடுத்து அனுப்புவாங்க.

ரோட்டுல சோளம், ராகி, தட்டப்பயறு காய வச்சிருப்பாங்க. அது மேல ஏத்தாதே, பாதி பேர் அங்கதான் சறுக்கி விழறாங்க, அதோட அது ஒருத்தரோட சோறு. தோட்டத்து நாய் துரத்தினா வேகமா மிதிக்காதே. இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவுல வச்சு மெல்ல நட, சொந்தக்காரரைக் கூப்பிடு.

மேட்டூர்ல ஞாயித்துக்கிழமை தங்கிடு. 1925-ல ஆரம்பிச்சு 1934-ல திறந்த அணை, ஸ்டான்லி கவர்னர் பேரு. முழு நீர்மட்டம் 120 அடி. பூங்காவும் மீன் வறுவலும் எல்லாருக்கும் தெரியும். திங்கள் காலையில கூட்டம் இல்லாதப்ப பதினாறு கண் மதகுப் பக்கம் போய்ப் பாரு. தண்ணி ரொம்பக் குறைஞ்ச வருஷமா இருந்தா, பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளிய தெரியும். அணை கட்டினப்ப எழுந்து போன ஊர்க்காரங்க விட்டுட்டுப் போனது அது. டெல்டாவுக்குத் தண்ணி போறதைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, இவங்களையும் நினைச்சுப் பார்க்கணும்.

திங்கள் மூணு மணிக்குக் கிளம்பு, கிழக்கே மேச்சேரி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி வரும் இடத்துல மூக்குக்குத் துணி கட்டிக்கோ. மேச்சேரி தாண்டினா மந்தை எதிர்ப்படும். செம்பழுப்பு, கொம்பில்லாத ஆடு, மேச்சேரி இனம்னு நாடு முழுக்கப் பேரு, பொட்டனேரியில அதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பின்னால இருந்து பெல் அடிச்சா மந்தை சிதறி ரோட்டுக்கு நடுவுல ஓடும். இறங்கி நில்லு, மேய்க்கிறவர் ஒதுக்கி விடுவாரு. நங்கவள்ளிப் பக்கம் ஏதாச்சும் ஏரியில தண்ணி நின்னா நின்னு பாரு. 2020-ல அடிக்கல் போட்டு 2021-ல முதல் கட்டம் தொடங்கின மேட்டூர் உபரிநீர்த் திட்டம், நம்ம பக்கத்து நூறு வறண்ட ஏரிக்காகப் போட்டது. வெள்ளத்துல வீணாப் போற தண்ணியைக் குழாய்ல ஏத்திக் கொண்டு வராங்க. நரசிம்மர் கோயில்ல ஒரு கும்பிடு, அங்க இருந்து வீடு எட்டுக் கிலோமீட்டர்தான்.

ஆறே கால் வாக்குல இருட்டிடும். நங்கவள்ளியிலேயே அஞ்சரை தாண்டிட்டா அப்பாவை எதிர்ல வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு, பின் விளக்கு இல்லாம ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. எந்த ராத்திரி எங்க தங்கறன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே அம்மா கையில ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு. போட்டோவை அந்த ஊர்ல இருக்கறப்பவே போடாதே, தாண்டினப்புறம் போடு. 108, 112, 181 உதவி நம்பர் மூணும் மூணு பேர் போன்லயும் இருக்கட்டும். தேதி முடிவு பண்ணினதும் சொல்லு. என்னோட கைப்பம்பும் கேரியர் கயிறும் அம்மா வீட்டு அலமாரியில மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்கோ.